சிவப்பு ட்ரேயில் பதினான்கு கன்றுகள்

வெர்னியரின் இரண்டு தாடைகளுக்கு நடுவே எலுமிச்சைத் தோலை வைத்து அளந்துகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கும்மிடிப்பூண்டியில் ரப்பர் வளையங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை மேசை என்னுடையது. அன்று டீ நேரத்துக்கு எங்கள் கிணற்றடி மரத்துப் பழங்கள் பத்து கொண்டுபோயிருந்தேன். பக்கத்து மேசைக்காரி ஒன்றைத் தண்ணீர் பாட்டிலுக்குள் பிழிந்துவிட்டு, "இன்னாடி இது, தோலே இல்ல, மொத்தமும் சாறாவே கீது" என்றாள். தோலே இல்லையா, அதையும் பார்த்துவிடலாம் என்று அளந்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை. கேன்டீனுக்கு ஓடிப்போய் கடைப் பழம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து அதையும் அளந்தேன். இரண்டைத் தாண்டியது. டீ ஆறிப்போயிருந்தது. இந்த ஒரு மரத்தை நூறு மரமாக ஆக்கினால் என்ன என்று அந்த இடத்திலேயே தோன்றிவிட்டது.

அப்படித் தோன்றியதற்குக் காரணம் அன்று காலையில் வீட்டில் நடந்த பேச்சு. எங்கள் ஊர் ஆரணிக்குப் பக்கத்தில்; பட்டு நெய்கிற ஆரணி இல்லை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணி. அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடு. ஒன்றரைக் காணி நிலத்தில் பள்ளம் எல்லாம் நெல். ரோட்டை ஒட்டி அரை ஏக்கர் மட்டும் மேடு. அதில் தண்ணீர் நிற்காது, அதனால் நெல்லுக்கு உதவாது. மேட்டின் கடைசி மூலையில் கிணறு, கிணற்றை ஒட்டி அந்த மரம். நமக்கு உதவாத மேடு லாரிக்கு உதவும். பக்கத்து நிலம் ஏற்கெனவே கன்டெய்னர் லாரிகள் நிற்கிற யார்டாகிவிட்டது. யார்டுக்காரர் எங்கள் மேட்டையும் நீண்ட குத்தகைக்குக் கேட்டிருந்தார். கிராவல் கொட்டி ரோலர் ஓட்டி இறுக்கிவிடுவார்கள். குத்தகை முடிந்து நிலம் திரும்பி வந்தாலும் அதில் கோரைகூட முளைக்காது. நைனாவுக்கு அது தெரியாமல் இல்லை. "நீ கம்பெனிக்குப் பூட்ட. எனக்கும் முட்டி தேஞ்சிபோச்சி. வெறும் மோட்ட வச்சிகினு நான் இன்னாம்மா பண்றது?" என்று மட்டும் கேட்டுவிட்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது என்னிடம் திட்டம் முழுதாக இருந்தது. பதினைந்து அடிக்கு ஒரு மரம். அரை ஏக்கரில் சுமார் நூறு வரும். மேட்டில் தண்ணீர் நிற்காதது எலுமிச்சைக்கு வரம். செருப்பைக் கழற்றாமலேயே இதையெல்லாம் நைனாவிடம் கொட்டினேன். அவர் கடைசிவரை கேட்டார். அது ஆடி மாதம். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வர்ற தை வாணாம். அதுக்கு அடுத்த தை. அன்னிக்கு மோட்டுல உன் கன்னுங்க உயிரோட நிக்கணும். நின்னுதுன்னா யார்டு கெடையாது. நிக்கலன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது."

அந்தத் தை பிறக்க இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் எங்கே தவறியது என்பதாவது வரிசையாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

முதலில் விதை போட்டேன். அதில் தவறில்லை. நன்றாகப் பழுத்த பழங்களைப் பிழிந்து, விதையின் வழவழப்பை உரசிக் கழுவி, காயவிடாமல் அன்றைக்கே மண்ணில் வைத்தேன். கம்பெனியில் ஓரம் உடைந்து ஒதுக்கிப் போட்ட பிளாஸ்டிக் ட்ரேக்களைக் கேட்டு வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அடுக்கியிருந்தேன். மூன்றாவது வாரம் முளைத்தன. ஒரு விதையிலிருந்து இரண்டு முளை, சிலதில் மூன்று. ஒரு விதைக்கு ஒரு செடி என்றுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன், சந்தோஷப்பட்டேன். முந்நூறு விதை போட்டால் அறுநூறு கன்று என்று அம்மாவிடம் பெருமையடித்தேன். ஏன் இப்படி வருகிறது என்று கேட்க எனக்கு நேரம் இருக்கவில்லை. எனக்கு எதற்குமே நேரம் இருந்ததில்லை. சோறு கொதிப்பதற்குள் நாலு முறை மூடியைத் திறந்து பார்க்கிறவள் நான்.

போனில் படிக்கப் படிக்கப் பொறுமை போயிற்று. விதைக் கன்று காய்க்க ஐந்து வருஷம் ஆறு வருஷம் ஆகும். முள் அதிகம். தாய் மரம் மாதிரியே வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, மகரந்தம் எங்கிருந்து வந்ததோ. ஒட்டுக் கட்டினால் இரண்டு மூன்று வருஷத்தில் காய், அதுவும் தாயின் அதே காய். கன்று உயிரோடு நின்றால் போதும் என்றுதான் நைனா சொன்னார். காய்க்கிற கன்றை அவர் கேட்கவே இல்லை. ஆனால் ஆறு வருஷம் வெறும் முள்ளை வைத்துக்கொண்டு அவர் முன்னால் என்னால் நிற்க முடியாது என்று எனக்கு நானே முடிவு செய்தேன். கையிலிருந்த நாற்றுகளை வேர்ச்செடியாக வைத்து, கிணற்றடி மரத்தின் கண்களை, இலைக் கணுவில் இருக்கிற மொட்டுகளை, எடுத்து அவற்றின்மேல் கட்டிவிடலாம். வேர் என்னிடம் இருக்கிறது, கண் என்னிடம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

கத்தி வேண்டும். மணவாள நகரைத் தாண்டி ஒரு நர்சரி இருக்கிறது. ஒட்டுக்கத்தியும் கட்டுகிற டேப்பும் வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். அங்கே கொய்யாவுக்கு ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தவருக்கு என்னைவிட நாலைந்து வயது அதிகம் இருக்கலாம். காதில் ஹெட்போன், வாயில் பிளேடு போல ஒரு டேப் துண்டு. ஹெட்போனைக் கழற்றி என் திட்டத்தைக் கேட்டவர் டேப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"அதே மரத்துக் கொட்டை. அதே மரத்துக் கண்ணு. அம்மா தோள்மேல அம்மாவையே தூக்கி வைக்கிறியா தங்கச்சி? இன்னாத்துக்கு ரெண்டு வேல?"

சீக்கிரம் காய்க்குமே என்றேன். அது வாஸ்தவம்தான் என்று ஒத்துக்கொண்டார். பட்டையை எப்படிக் கீறுவது, கண்ணை எப்படி நகம் படாமல் உள்ளே தள்ளுவது என்று நான் பார்க்கும்படி இரண்டு முறை மெதுவாகச் செய்துகாட்டினார். நான் கிளம்பும்போது கேட்டார்: "மரம் நல்லாக்குதா?"

"போன வருஷம் காய்ச்ச காய்ப்புல கொம்பே ஒடிஞ்சிச்சி" என்றேன் பெருமையாக.

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. அவரும் தலையை ஆட்டிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அந்தக் கேள்வியைத்தான் இந்த ஒரு மாதமாக பஸ்ஸிலும் மேசையிலும் குளிக்கும்போதும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனி வேலை என் கைக்குள் ஊறிவிட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒட்டுக் கட்ட வேர்ச்செடி பென்சில் கனம் இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். பென்சில் என்றால் எத்தனை மில்லிமீட்டர்? ஒரு பென்சிலை அளந்தேன். அடுத்த சித்திரையிலிருந்து ஞாயிறு தவறாமல் ஒவ்வொரு நாற்றின் தண்டையும் என் சொந்த வெர்னியரால் அளந்து, நோட்டில் குறித்து, கம்பெனியில் செய்வதுபோலவே பிரித்தேன். கனம் வந்தவை பச்சை ட்ரே. இன்னும் கொஞ்ச நாள் தேவைப்பட்டவை மஞ்சள் ட்ரே; ஆனிக்குள் அவையும் பச்சைக்கு வந்துவிட்டன. ஒல்லியானவை, மூன்று முளையில் கடைசியாக வந்த நோஞ்சான்கள், வளைந்தவை எல்லாம் சிவப்பு ட்ரே. எங்கள் மேசையில் சிவப்பு ட்ரேக்குள் விழுந்த வளையத்தை மறுபடி யாரும் தொட மாட்டார்கள். நானும் தொடவில்லை. அந்த ட்ரேயைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

ஆனி மாதம் முழுக்கக் கட்டினேன். காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்க் குச்சிகள் வெட்டி, ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு வருவேன். பட்டையைக் கீறி, கண்ணைச் செருகி, டேப்பைச் சுற்றுவேன். முதல் இருபதில் பாதி கறுத்துப்போனது. அப்புறம் கை பழகிவிட்டது. மூன்று வாரம் கழித்து டேப்பைப் பிரித்தால் கண் பச்சையாக இருக்கும். தொட்டால் உள்ளே உயிர் இருப்பது தெரியும். பிடித்துக்கொண்டது என்று தெரிந்ததும் அதற்கு மேலே இருக்கிற நாற்றின் தலையை வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் சத்தெல்லாம் கண்ணுக்குப் போகும். நூற்று நாலு நாற்றுகளின் தலையை வெட்டினேன். வெட்டிய தலைகள் தளதளவென்று இருந்தன. ஒரு கூடை நிறைய. கசக்கி மோந்து பார்த்துவிட்டு அம்மா, "பாவம்டி, பச்சப் புள்ளைங்க மாதிரி கீது" என்றாள். நான் சிரித்தேன். அதற்கப்புறமும் தண்டின் கீழ்ப்பக்கம் துளிர்க்கும். வேர்ச்செடி தன் சொந்தத் தளிரை விடப் பார்க்கும். அதையும் தினமும் தேடித் தேடி விரலால் நசுக்கினேன்.

ஆவணியில் மேட்டில் நட்டோம். நைனா முட்டியைப் பிடித்துக்கொண்டே பாதிக் குழிகளை அவரே வெட்டினார். யார்டுக்காரர் பைக்கை நிறுத்தி வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்தார். "இன்னா பெரியவரே, தோப்பு வைக்கிறியா?" என்று அவர் கேட்க, நைனா கடப்பாரையை நிமிர்த்தாமலேயே, "எம்பொண்ணு வைக்குது" என்றார். எனக்கு அந்த நாள் போதுமாக இருந்தது. நூற்று நாலு கன்றும் நாலு இலை, ஐந்து இலையோடு வரிசையில் நின்றன. நான் கயிறு பிடித்து அளந்து நட்ட வரிசை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நேராக இருக்கும்.

புரட்டாசியில் இலை வெளுத்தது. சத்துக் குறைவு என்று நினைத்தேன். துத்தநாகம் தெளித்தேன், வேப்பம் புண்ணாக்கு வைத்தேன். மழை வந்தால் சரியாகும் என்றார் நைனா. மழையும் வந்தது. கார்த்திகையில் இலைகள் கிண்ணம் மாதிரி உள்பக்கம் சுருண்டு, நுனியிலிருந்து குச்சி காய ஆரம்பித்தது. ஒன்றிரண்டு என்றால் தாங்கலாம். ஒரே மாதிரி, வரிசையாக, எல்லாமே. முப்பது கன்று காய்ந்தே போயிற்று. மற்றவை சாகவுமில்லை, வளரவுமில்லை. அளந்தேன். ஆவணியில் இருந்த உயரத்துக்கு ஒரு விரல்கடைகூட ஏறவில்லை. அம்மா யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று யார்டு வேலியைப் பார்த்துச் சாடை பேசினாள். அப்போதுதான் நிமிர்ந்து கிணற்றடி மரத்தைப் பார்த்தேன். அதன் உச்சிக் கொம்புகளும் மொட்டையாக நின்றன. லாரிப் புழுதி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த வெளிறல், புழுதியைக் கழுவின மழைக்குப் பிறகும் இலையில் இருந்தது.

ஒரு கன்றை வேரோடும், மரத்திலிருந்து ஒரு கொம்பும் எடுத்துக்கொண்டு லீவு போட்டு தோட்டக்கலை அலுவலகம் போனேன். அங்கே இருந்த மேடம் இலையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நரம்புகளில் அங்கங்கே சின்னச் சின்னக் கோடுகள், எண்ணெய் பட்ட காகிதம்போல ஒளி ஊடுருவித் தெரிந்தன. பிறகு கொம்பின் பட்டையை உரித்தார். உள்ளே கட்டை முழுக்க ஊசியால் குத்தியது போலக் குழிகள். அவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன், மேசைப் பழக்கம். வைரஸ். மருந்து கிடையாது. மரத்தில் ரொம்ப நாளாக இருந்திருக்க வேண்டும். கொம்பு ஒடியக் காய்த்தது என்கிறீர்களே, அது நல்லதுக்கு இல்லை. மடியப் போகிற மரம் சில சமயம் அப்படித்தான் காய்க்கும். இந்த நோய் அசுவினிப் பூச்சி வழியாகப் பரவும், ஒட்டுக் கட்டுகிற கண் வழியாகப் பரவும்.

"விதையில வராதும்மா" என்றார் கடைசியாக. "இந்த மரத்து விதையில போட்ட நாத்து எதாவது வச்சிருக்கீங்களா? ஒரு விதைக்கு ரெண்டு மூணு முளை வந்திருக்குமே. அதுல தடியா, வேகமா வர்றதெல்லாம் பெரும்பாலும் தாயேதான். மகரந்தமே சேராத அச்சு அசல். அது இருந்தா கவலைப்படாதீங்க."

இருந்தது மேடம் என்றேன். நூற்று நாலு இருந்தது. தலையை வெட்டிவிட்டு இந்த மரத்துக் கண்ணை வைத்துக் கட்டிவிட்டேன்.

அவர் உரித்த பட்டையைக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு, கட்டின செடி எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிடுங்கள், தாய் மரத்தையும் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் புதிதாக எதை நட்டாலும் அசுவினி அதில் கொண்டுபோய் ஏற்றிவிடும் என்றார். கீழிருந்து துளிர்க்கிற தளிரையாவது காப்பாற்றலாமா என்று கேட்டேன். ஒரே சாறுதானேம்மா ஓடுது என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழவில்லை. கணக்குப் போட்டேன். அதுதான் என் வியாதி. போன வருஷம் மார்கழியில் என்னிடம் நோயில்லாத, அசல் தாயே ஆன, தடித்த, வேகமான கன்றுகள் நூறுக்கு மேல் இருந்தன. நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் போதும். தண்ணீர் ஊற்றிவிட்டுக் கம்பெனிக்குப் போயிருந்தால் போதும். இன்றைக்கு மேட்டில் இடுப்புயரம் நின்றிருக்கும். நான் கற்றுக்கொண்டது, பழகியது, நன்றாகவே செய்தது எல்லாம் சேர்ந்துதான் அவற்றைக் கொன்றது. கை பழகியபின் ஒரு கண்கூடத் தவறாமல் பிடித்துக்கொண்டதே என்று கொண்டாடினேனே, அந்த ஒவ்வொரு கண்ணும் நோயைப் பத்திரமாக உள்ளே இறக்கியிருக்கிறது. கை சரியில்லாமல் கறுத்துப்போன கண்களை நினைத்துப் பொறாமையாக இருந்தது. அவற்றையும் நான் விடவில்லை, மறுபடி கட்டினேன்.

அடுத்த ஞாயிறு பிடுங்கினோம். சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதையும் நைனாவிடம் சொல்ல முடியவில்லை. வெறும் விஷயத்தைச் சொன்னேன். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மேட்டின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தார். நான் இந்தக் கோடி. நடுவில் சந்தித்தபோது அவர் கையில் ஒரு கன்று இருந்தது. அது கொஞ்சம் பச்சையாகவே இருந்தது.

"இதுவுமா?" என்றார்.

"இதுவும்தான் நைனா."

அதையும் குவியலில் போட்டார். ஈரச் செடி சுலபத்தில் எரியாது. டயர் துண்டு ஒன்று போட்டுத்தான் பற்றவைக்க வேண்டியிருந்தது. புகை யார்டுப் பக்கம் போய், அங்கிருந்த டிரைவர் ஒருவர் ஏதோ திட்டினார். நைனா குச்சியால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் யார் என்ன சொன்னாலும் திருப்பி ஒன்று கொடுக்காமல் விட மாட்டார் அவர்.

கை கழுவத் தொட்டிக்குப் பின்னால் போனபோதுதான் சிவப்பு ட்ரேயைப் பார்த்தேன். நான் அதை மறந்தே போயிருந்தேன். அம்மா பாத்திரம் கழுவின தண்ணீரை எட்டு மாதமாக அங்கேதான் வீசியிருக்கிறாள். பாதி செத்துப்போயிருந்தது. மீதி பதினான்கு நாற்றுகள் சாம்பலும் சோற்றுப் பருக்கையும் ஒட்டிக்கொண்டு, முழம் உயரத்தில், முள்ளும் முறைப்புமாக நின்றன. ஒவ்வொன்றின் இலையையும் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நரம்பு சுத்தம். ஒன்றிலும் கோடு இல்லை. நிலத்துக்கும் வீட்டுக்கும் அரைக் கிலோமீட்டர்; அசுவினியும் இந்தப் பக்கம் வரவில்லைபோல. ஈரக் கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி ஆச்சி, தேளா?" என்றாள்.

ஒரு கால் மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அதற்குள் அந்த மேடம் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. தடியாக, வேகமாக வருவதுதான் பெரும்பாலும் தாய். மகரந்தம் சேர்ந்து பிறந்த வேற்றுப் பிள்ளை பல சமயம் ஒல்லியாக, கடைசியாக வரும். நான் தாய்களையெல்லாம் பச்சை ட்ரேயில் வைத்துக் கழுத்தை வெட்டிவிட்டு, ஒல்லியானவற்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். இந்தப் பதினான்கில் எது நம் மரம், எது யாரோ? அளந்தால் தெரியாது. வெர்னியரில் அதற்குக் கோடு இல்லை. ஐந்தாறு வருஷம் கழித்துக் காய்க்கும்போது தோலைத் தொட்டால் தெரியும்.

இதை நைனாவிடம் நேற்று சொன்னேன். பதினான்கு இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது, ஆனால் எது எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது, அஞ்சு வருஷம் ஆகும், மரத்தையும் வெட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அவர் முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழம அந்தாளு டேப்ப எடுத்துகினு அளக்க வராரு. நான் வார்த்த குட்த்துட்டேன் பாப்பா."

"முழுசுமா குட்த்துட்ட?"

"பின்ன, பாதி லாரியா நிக்கும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை; அவருக்கும் வரவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்ற வாக்கு எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் திறந்தேன். கிணற்றுக்கு இந்தப் பக்கம், பள்ளத்தை ஒட்டி, பதினைந்து அடி அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் விட்டுவிடச் சொல்லு. லாரி அதுவரைக்கும் திரும்பாது, நான் பார்த்திருக்கிறேன். மேட்டின் நீளத்துக்குப் பதினான்கும் அதில் நிற்கும். நைனா எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார். "அஞ்சு வருஷம் சும்மாவே நிக்கிறதுக்கு நீ ஆளு இல்லியே" என்றார். கோபம் இல்லை அதில். அது உண்மை என்பதுதான் கஷ்டம். விடுகிறேன் என்றும் சொல்லவில்லை, விட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. படுக்கப் போய்விட்டார்.

இன்றைக்கு வியாழக்கிழமை. நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மரத்தில் கடைசியாகப் பழுத்த பழங்கள் பதினெட்டு இருக்கின்றன. அவற்றைப் பறித்து அம்மா நாளை அம்மன் கோயிலில் துர்க்கைக்கு விளக்குப் போட வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு இந்த மரத்துப் பழத்தைத்தான் வருஷக்கணக்காகக் கொண்டுபோகிறாள். தோல் மெல்லிசு, பிழிந்துவிட்டு உள்ளே வெளியே திருப்பினால் கிழியாமல் கிண்ணமாக நிற்கும், நெய் ஒழுகாது என்று மற்றவர்களும் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். சாறும் விதையும் குழாயடியில் போய்விடும். எத்தனை வருஷத்து விதைகள் அந்தச் சாக்கடையில் போயிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, வேண்டாம் என்று நிறுத்தினேன். பழத்தை எனக்குத் தா என்று அம்மாவிடம் கேட்டேன். சாமிக்கு என்று எடுத்து வைத்ததைத் தர மாட்டாளாம். "தோலுதான்டி வெளக்கு. கொட்டைய நீ எட்த்துக்கோ. யாரு வாணான்னா?" என்றாள்.

ஆகவே நாளைக் காலை பத்தரை மணிக்கு டீ வடிகட்டியோடு கோயில் குழாயடியில் அம்மாவின் கைக்குக் கீழே உட்காரப்போகிறேன். விதைகளைக் காயவிடாமல் கொண்டுவந்து, மொட்டை மாடியில், பழைய கொசுவலைக்குள், அன்றைக்கே மண்ணில் வைக்க வேண்டும். அசுவினி உள்ளே போகாதபடி வலையின் ஓரத்துக்கு மணல் மூட்டை. முளைத்ததும் ஒரு விதையின் மூன்று முளைகளையும் பிரித்து, எது முதலில் வந்தது, எது கடைசி என்று எழுதி வைப்பேன். கத்தியை அலமாரியின் மேல்தட்டில், கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டேன். ஸ்டூல் போட்டால் எட்டும்.

சனிக்கிழமை மரத்தை வெட்ட வேண்டும். அதற்கு ஆள் கூப்பிட வேண்டாம், நானே அறுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ரம்பம் கேட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யார்டுக்காரர் வருவதற்குள் பதினான்கு குழிகளையும் நான் வெட்டி முடித்திருக்க வேண்டும், கிணற்றுக்கு இந்தப் பக்கம், நேர் கோட்டில். அவர் டேப்பின் அந்த முனையைப் பிடிக்க நைனாதான் போவார். குழிகளுக்கு முன்னாலேயே நின்றுகொள்வாரா, தாண்டி வருவாரா என்று தெரியவில்லை. தாண்டி வந்தாலும் நான் குழியை மூடுவதாக இல்லை.